சிறுமலை அடிவாரத்தில் ஒரு வீடு: நான்கு எல்லையையும் நடந்து பார்த்தீர்களா?

கேள்வி: மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். கணவருக்கு வயது 63, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். நகரத்து இரைச்சல் இருவருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை. வாடிப்பட்டிக்கும் பாலமேட்டுக்கும் இடையில், சிறுமலை அடிவாரத்து கிராமம் ஒன்றில் 22 சென்ட் இடமும், அதில் 2015-இல் கட்டிய வீடும் விலைக்கு வருகின்றன. விலை 34 லட்சம் சொல்கிறார்கள். போர் 650 அடி. பத்திர நகலில் ‘வடக்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை, மேற்கே கரடு, கிழக்கே விற்பவரின் அண்ணன் நிலம்’ என்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இந்த வாரமே இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தால்தான் ஆயிற்று என்கிறார் தரகர். கொடுக்கலாமா? யார் பெயரில் வாங்குவது நல்லது? — வாசகி, மதுரை

வழக்கறிஞர் பதில்:

வணக்கம் அம்மா. முதலில் அவசரமான கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் முன்பணம் கொடுக்க வேண்டாம். ‘வேறொரு பார்ட்டி கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள்’ என்று தரகர் சொல்லியிருப்பார். வரட்டும். நல்ல பத்திரம் உள்ள சொத்து ஒரு மாதம் காத்திருக்கும். ஒரு மாதம் காத்திருக்காத சொத்தை ஓய்வூதியப் பணத்தில் வாங்கக் கூடாது.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்திதான், ஆனால் பாதிச் செய்தி. அந்தச் சர்வே எண்ணில் பதிவாளர் அலுவலகத்தில் என்னென்ன பத்திரம் பதிவானது என்பதை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். பதிவு செய்யாத பாகப்பிரிவினையோ, பங்கு பிரித்து வீட்டுக்குள்ளேயே எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டோ, கல்யாணமாகிப் போன தங்கையின் பங்கோ அதில் வராது. வீட்டுக்குப் போகும் பாதை யாருடையது, பக்கத்துக் கரட்டில் நாளை வெடி வைப்பார்களா என்பதும் வராது. நகரத்தில் மனை வாங்குகிறவருக்கு இவற்றில் பல தேவைப்படுவதில்லை. மலையடிவாரத்தில் நீங்கள் தேடும் அமைதி உங்கள் 22 சென்ட்டுக்குள் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது. அதனால் உங்கள் சர்வே எண்ணைப் பார்த்த அளவுக்கு, அதை ஒட்டிய நான்கு சர்வே எண்களையும் பார்த்தாக வேண்டும். உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கு எல்லைகளில் எதையும் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

வடக்கே வண்டிப்பாதை. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பத்திரத்தில் பாதை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சர்வே எண்ணும் யாருடையது, என்ன வகை என்று எழுதிவைத்திருக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்தப் பாதைக்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருந்து, அதற்கு நேராக ‘வண்டிப்பாதை’ என்று புறம்போக்கு வகை போட்டிருந்தால் அது பொதுவழி, யாரும் மறிக்க முடியாது. அப்படி இல்லாமல், யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் ஓரத்தில் டிராக்டர் போய்ப் போய்ப் பழகிய தடமாக இருந்தால், இன்று உங்களைச் சிரித்துக்கொண்டே வரவேற்கிறவர் நாளை கல்லுக்கால் நட்டுவிடலாம். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. கிரகப்பிரவேசம் வரைக்கும் லாரி, வேன் எல்லாம் போய்வந்த வழி. முன்னால் இருந்த நிலத்துக்காரர் இறந்ததும் அவருடைய மகன் முள்வேலி போட்டுவிட்டார். அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியவில்லை. நிலம் அவருடையது, பாதை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த வீட்டு அம்மா காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இதற்குப் பரிகாரம் உண்டு. 20 ஆண்டுகள் தடையில்லாமல் உரிமையோடு பயன்படுத்திய வழியைக் கோரலாம், வேறு வழியே இல்லை என்றால் அவசியத்தின் பேரிலும் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, சாட்சி விசாரித்து, அப்பீல் பார்த்து வர வருஷங்கள் ஓடிவிடும். ஸ்டென்ட் வைத்த கணவரோடு, ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்ற சந்தேகத்தோடு நீங்கள் அத்தனை காலம் இருக்கக் கூடாது.

ஆகவே அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடு விவரத்தையும், அளவுகளோடு நிலத்தை வரைந்து காட்டும் புலப்படத்தையும் எடுங்கள். புலப்படத்தில் பாதை கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கிறதா, தார்ச்சாலை வரைக்கும் தொடர்கிறதா, நடுவில் அறுந்துபோகிறதா என்று விரலை வைத்துப் பின்தொடருங்கள். ஒரு சர்வே எண்ணின் படத்தில் இருக்கும் பாதை அடுத்த எண்ணின் படத்தில் காணாமல் போவது உண்டு. அதனால் சாலை வரை உள்ள எல்லாச் சர்வே எண்களின் படமும் வேண்டும். எங்கே அறுகிறதோ அந்த நிலத்துக்காரரிடம் ‘வண்டிப்பாதை பாத்தியம்’ எழுதி, பதிவு செய்து வாங்கித் தரும்படி விற்பவரிடமே கேளுங்கள். ‘அதெல்லாம் ஊர்ல யாரும் மறிக்க மாட்டாங்க’ என்பது பதில் இல்லை. மறிக்க மாட்டார்கள் என்றால் எழுதித் தருவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்?

தெற்கே ஓடை. பங்குனி, சித்திரையில் போய்ப் பார்த்தால் அது ஓடை மாதிரியே இருக்காது, சீமைக் கருவேலம் முளைத்த பள்ளமாக இருக்கும். சிறுமலையில் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் அதே பள்ளத்தில் கல்லை உருட்டிக்கொண்டு தண்ணீர் வரும். ஓடை எவ்வளவு அகலம் என்பது புலப்படத்தில் மீட்டர் கணக்கில் இருக்கும். நில அளவரை வைத்து அளந்து, மூலைக் கற்களைக் கண்டுபிடித்து, காம்பவுண்டு சுவரோ மாட்டுக் கொட்டகையோ செப்டிக் டேங்கோ ஓடைப் புறம்போக்கில் ஓரடி ஏறியிருந்தாலும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவிட்டு வருகிறது. ஆக்கிரமிப்பு செய்தவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், நோட்டீஸ் உங்கள் கதவில் ஒட்டப்படும். அப்புறம், அளவர் வந்த அன்றே பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரையாவது கூப்பிட்டு, வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் இடம் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

மேற்கே கரடு. உங்களுக்கு அந்த வீடு பிடித்துப்போனதற்கே இதுதான் காரணமாக இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் மலை தெரிகிறது. ஆனால் அந்தக் கரடு யாருடையது? மூன்று விதமாக இருக்கலாம், மூன்றுக்கும் விளைவு வேறு வேறு.

வனத்துறையின் காப்புக்காடு என்றால், எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, உங்கள் வேலி அதற்குள் போகவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். சிறுமலையில் காட்டுமாடுகள் இருக்கின்றன. கோடையில் மேலே தண்ணீர் வற்றினால் அடிவாரத்து மாந்தோப்புகளுக்கு இறங்கி வரும். ஆண் காட்டுமாடு ஒரு டன் எடை வரை இருக்கும். கம்பிவேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது தானாக வந்து யாரையும் தாக்குவது அரிது, இருட்டில் எதிரே போய் மாட்டிக்கொள்வதில்தான் ஆபத்து. காட்டுப்பன்றிக்காகப் பக்கத்துத் தோட்டங்களில் மின்வேலி போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். முறையான சோலார் வேலியால் உயிருக்கு ஆபத்தில்லை. நேரடியாக லைன் கொக்கி போட்டு இழுத்த வேலி ஆளைக் கொன்றுவிடும். மின்வேலி அமைக்க 2023-இல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. விடியற்காலையில் நடைப்பயிற்சி போகும் பழக்கமுள்ளவர் உங்கள் கணவர் என்றால் இது முக்கியம்.

தனியார் பட்டாவில் உள்ள மலைச்சரிவு என்றால், அது 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட நிலத்தை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, மரம் வெட்டவும் முடியாது. நீங்கள் வாங்கும் 22 சென்ட்டே அப்படிப்பட்ட பெரிய நிலத்திலிருந்து பிரித்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கிராமப் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்பதையும் நகர ஊரமைப்பு அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹாகா கிராமம் என்று சொல்வார்களே, அதுதான். பட்டியலில் இருந்தால் ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்கும் கூடுதல் அனுமதிகள் வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகைதான் என்னை யோசிக்க வைக்கிறது. அ-பதிவேட்டில் ‘கரடு’, ‘பாறை’, ‘கல்லாங்குத்து’ என்று எழுதிய அரசுப் புறம்போக்கு. பார்ப்பதற்கு மலை மாதிரி இருக்கும், சட்டத்தின் கண்ணில் அது கல்குவாரிக்குக் குத்தகை விடக்கூடிய இடம். கீழவளவு பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு குன்று எப்படிப் பள்ளமாகும் என்று தெரியும். காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் குவாரி வராது என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். 1 கிலோமீட்டருக்குள் கூடாது என்று 2021 நவம்பரில் விதி வந்தது உண்மை. 2022 டிசம்பரில் அதைத் தளர்த்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் போன்ற இடங்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்ற சிறுகனிம விதி இருக்கிறது. ஆனால் தோட்டத்து நடுவில் தன்னந்தனியாக நிற்கும் வீடு ‘குடியிருப்பு’ ஆகுமா என்பதிலேயே எதிர்த்தரப்பு வாதாடும். கிராம நத்தத்தில் உள்ள வீட்டுக்கு அந்தச் சிக்கல் வராது. கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், அந்தச் சர்வே எண்ணுக்குக் குத்தகையோ விண்ணப்பமோ நிலுவையில் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நான் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போது அரிட்டாபட்டி நினைவுக்கு வருகிறது. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்த ஊரையும் தொட்டுக்கொண்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது 2024-இல். மேலூர்ப் பகுதி மக்கள் ஒன்றாகத் தெருவில் இறங்கிய பிறகுதான் 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. மலையைக் காப்பாற்றியது அதைச் சுற்றி வாழ்ந்த ஊர். நீங்கள் போகும் ஊர் அப்படி ஒன்றுகூடும் ஊரா, ஆளுக்கொரு பக்கம் நிலத்தை விற்றுவிட்டுப் போகும் ஊரா என்பதையும் கவனியுங்கள். சுற்றிலும் ‘பண்ணை நிலம் விற்பனைக்கு’ என்று கொடி நட்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. நத்தம் சாலை மேம்பாலம் 2023-இல் திறந்ததும், அலங்காநல்லூர் அருகே கீழக்கரை ஜல்லிக்கட்டு அரங்கம் 2024 ஜனவரியில் திறந்ததும் அந்தப் பக்கத்து நில விலையை எப்படி ஏற்றின என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விலை ஏறுவது விற்கிறவருக்கு நல்லது. அமைதிக்காக வாங்குகிறவருக்கு, அடுத்த ஐந்து வருஷத்தில் வாசலில் என்ன வரும் என்பதற்கான எச்சரிக்கை அது.

கிழக்கே அண்ணன் நிலம். விற்பவரின் பட்டாவைப் பாருங்கள். தனிப்பட்டாவா, அண்ணன் தம்பி பெயர்கள் சேர்ந்த கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால், உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு முன் கிரையம் வேண்டாம். அப்பா சொத்து என்றால் அவருடைய இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் எத்தனை பெண்கள் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ‘தங்கச்சிக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு’ என்பது நம் பக்கத்தில் இன்னும் சொல்லப்படும் வார்த்தை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கோர்ட்டில் அது எடுபடாது. தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருந்தால் சரி, இல்லையென்றால் அந்தத் தங்கையும் பதிவாளர் முன்னால் வர வேண்டும்.

எல்லைகள் முடிந்தன. இனி நிலத்தின் பூர்வீகம். அடிவாரப் புஞ்சைகளில் பல, பட்டாதாரர் நினைத்தபடி விற்க முடியாத நிலங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம், வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. வினோபா பாவே நிலதானம் கேட்டு நடந்த காலத்தில் நம் மதுரை வட்டாரத்தில் நிறையக் கொடுக்கப்பட்ட பூமிதான நிலம் இன்னொரு வகை. கோயில் நிலத்தை அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. நிலமற்றோருக்கு அரசு ஒப்படை செய்த நிலத்துக்கும் நிபந்தனை உண்டு. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது இவற்றில் சில சாதாரண ரயத்துவாரிப் பட்டாவாக, அதாவது தனியார் நிலமாக, தவறி ஏறிவிட்டன. அதனால் இன்றைய கணினிப் பட்டாவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், அதற்கு முந்தைய பழைய அ-பதிவேட்டின் நகலையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்குங்கள். மூலப்பத்திரத்தில் தொடங்கி இன்றுவரை ஒரு கண்ணியும் விட்டுப்போகாமல் கை மாறியிருக்கிறதா என்பதைச் சொத்து வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எழுத்தில் கருத்துரை வாங்கிவிடுங்கள்.

வீட்டைப் பற்றி இரண்டு விஷயம். 2015-இல் கட்டினார்கள் என்றால் ஊராட்சி வரைபட அனுமதியும் வீட்டுவரி ரசீதும் இருக்கிறதா? 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, அங்கீகாரம் இல்லாத மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானதா, இன்னும் புஞ்சையாகவே இருக்கிறதா என்பது பத்திரத்தில் தெரியும். ‘நிலத்தை மட்டும் காட்டிப் பதியலாம், வீட்டைக் காட்ட வேண்டாம், செலவு மிச்சம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம்; 34 லட்சத்துக்கு மூன்று லட்சத்து ஆறாயிரம் ரூபாய் ஆகும். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, உங்களுக்குக் கிடைக்காது. இந்தச் செலவையும் சேர்த்து பட்ஜெட் போட்டுக்கொண்டு, அப்புறம் விலையைப் பேசுங்கள்.

சரி, தண்ணீர். நீங்கள் எழுதியதில் ‘போர் 650 அடி’ என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேரணையிலிருந்து வரும் பெரியார் கால்வாய் சிறுமலை அடிவாரத்தை ஒட்டியே வாடிப்பட்டி வழியாகக் கள்ளந்திரிக்குப் போகிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து வாழ்க்கையை அந்தக் கால்வாய்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறது. கால்வாய்க்குக் கீழே சுமார் 45,000 ஏக்கர் இருபோகம் விளைகிறது, கிணறுகளில் ஊற்று இருக்கிறது. கால்வாய்க்கு மேலே, மலைக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருப்பது மானாவாரி, கடும்பாறை. உங்கள் வீடு கால்வாய்க்கு மேலே என்று அந்த 650 அடியே சொல்கிறது. பாறையில் வெடிப்பு கிடைத்த இடத்தில் தண்ணீர் இருக்கும், பத்தடி தள்ளிப் போட்டால் புழுதி பறக்கும்.

போய்ப் பார்க்கும்போது சப்மெர்சிபிள் மோட்டாரா, கம்ப்ரெசரா என்று கேளுங்கள். கம்ப்ரெசர் வைத்து எடுக்கிறார்கள் என்றால் ஊற்று குறைவு என்றே பொதுவாக அர்த்தம். மோட்டாரைப் போட்டு ஆயிரம் லிட்டர் டேங்க் எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் ஓடவிட்டு, தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா, கலங்கி வருகிறதா என்று கவனியுங்கள். இதைச் சித்திரை, வைகாசியில் செய்தால்தான் உண்மை தெரியும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், ஒன்றரைக்கு மேல் போகவே கூடாது. ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும்போது, ஃப்ளோரைடின் அடையாளமான பழுப்புக் கோடு பல்லில் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். ஆசிரியையாக இருந்தவர், பிள்ளைகள் உங்களிடம் தயங்காமல் பேசுவார்கள். அந்த மோட்டார் விவசாய இலவச இணைப்பில் ஓடுகிறதா என்பதையும் மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்த இணைப்பு செல்லாது. ஆய்வுக்கு வந்தால் அபராதம் உங்களுக்குத்தான்.

கணவருடைய உடல்நிலையைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு நாள், அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் இதய மருத்துவர் இருக்கும் மருத்துவமனை வரை காரில் போய், கடிகாரத்தைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரிக்கும் அதே மாதிரி. அவருடைய மருத்துவரிடம் அந்த நேரத்தைச் சொல்லி, பரவாயில்லையா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் நான் மேலே சொன்ன எதையும் பார்க்கத் தேவையில்லை. அலங்காநல்லூர், வாடிப்பட்டி ஊர்களுக்குள்ளேயே தோட்டத்தோடு வீடுகள் கிடைக்கின்றன. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வருகிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள், 108-ஐக் கூப்பிட அதுதான் வழி. கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் உள்ள ஊர். பக்கத்து அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இரவிலும் இருக்கிறதா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு படித்த பிறகு ஆசையே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறுமலைக் காற்றும், மாலையில் மயில் அகவும் சத்தமும் எனக்கும் பிடித்தவை. ஓய்வுக்காலத்தில் அதை விரும்புவது நியாயமான ஆசை. ஆனால் வாங்குவதற்கு முன் அதே ஊரில், அல்லது பக்கத்து ஊரில், ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதுதான் நான் மனதாரச் சொல்வது. மதுரை வீட்டை விற்காமல், பூட்டிவிட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் பாறைச்சூடு இரவு பத்து மணிவரை இறங்காமல் இருப்பதையும், கார்த்திகை மழையில் பாதை எப்படி இருக்கிறது என்பதையும், கோயில் திருவிழாவுக்கு எட்டு நாளும் குழாய் ஸ்பீக்கர் எந்தத் திசையைப் பார்த்துக் கட்டுகிறார்கள் என்பதையும் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் சந்தோஷமாகக் கொடுங்கள், முளைப்பாரிக்குப் போய் நில்லுங்கள். ஊருக்கு உங்களைப் பிடித்துப்போனால் நல்ல இடம் எது, வம்பு இடம் எது என்று அவர்களே சொல்வார்கள். தரகர் காட்டாத வீடு ஒன்று அப்போது கண்ணில் படும்.

ஒரு வருஷம் காத்திருக்க மனமில்லை, இந்த வீடேதான் வேண்டும் என்றால், மேலே சொன்ன காகிதங்கள் வந்த பிறகு, தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், விற்பவரின் வங்கிக் கணக்குக்கு முன்பணத்தை அனுப்புங்கள். அதற்குக் கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். பட்டா உட்பிரிவு, பாதை பாத்தியம், சகோதரிகளின் கையெழுத்து இவற்றில் ஒன்று தவறினாலும் முன்பணம் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற வாசகம் அதில் இருக்கட்டும். நேர்மையான விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

யார் பெயரில் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஓய்வுப் பணம் என்பதால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் பெயரில் வாங்கி அவர் உயில் எழுதாமல் போனால், உங்களோடும் பிள்ளைகளோடும், அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் பங்கு போகும். உங்கள் பெயரில் இருந்து நீங்கள் உயில் எழுதாமல் போனால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அப்போது அவர் அந்த வீட்டில் இருப்பதற்கே பிள்ளைகளின் தயவு வேண்டியிருக்கலாம். ஆகவே கிரையம் முடிந்த கையோடு, கணவர் ஆயுள் வரை அனுபவிக்கவும் அவருக்குப் பின் பிள்ளைகளுக்குச் சேரவும் ஓர் உயில் எழுதி, அதே பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.